கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பிறகு ஆறு ஆண்டுகள்: முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒருவரைப் பற்றிய பதிவு. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறோம்; அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். நீரிழிவுத் தடுப்பு பற்றிய பெரிய ஆய்வுகள் தரும் விடைகள் தெளிவானவை. ஒரு சாதாரண மருத்துவமனையின் புறநோயாளி அறைக்குள் அந்த விடைகள் வந்து சேரும் வழி அவ்வளவு தெளிவாக இல்லை. அந்த வழி எங்கே அறுபடுகிறது என்பதை இந்த நிகழ்வு நன்றாகவே காட்டுகிறது.

பின்னணி

38 வயதுப் பெண். இரண்டு குழந்தைகளின் தாய். உட்கார்ந்து செய்யும் வேலை, மாறி மாறி வரும் ஷிப்ட். அவருடைய அம்மாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு. எங்கள் மருத்துவமனையில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. காய்ச்சல், தலைவலி, குழந்தைகளுக்கான தடுப்பூசி என்று அவ்வப்போது வந்து போயிருக்கிறார். இரண்டாவது பிரசவம் பற்றி அந்தக் கோப்பில் இருந்தது ஒரே ஒரு வரி: பிரசவம் ஆனது, தாயும் சேயும் நலம்.

அந்தக் கர்ப்பத்தில் அவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. கடைசி வாரங்களில் இன்சுலின் போட வேண்டியிருந்தது. பிரசவம் வேறொரு மருத்துவமனையில் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் பார்த்தபோது சர்க்கரை சரியான அளவில் இருந்ததால், "சரியாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்துக் குளுக்கோஸ் பரிசோதனைக்கு வரும்படி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். குழந்தையின் தடுப்பூசிக்கு அவர் ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. தனக்கான அந்தப் பரிசோதனைக்கு மட்டும் போகவில்லை. போகாததை அந்த மருத்துவமனையும் கவனிக்கவில்லை, எங்களுக்கும் தகவல் வரவில்லை. ஆறு ஆண்டுகள் இப்படியே போயின.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம், அது வராத பெண்ணைவிடப் பல மடங்கு அதிகம். 2009-இல் வெளியான தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) சுமார் 7 மடங்கு என்றது. 2020-இல் வந்த, இன்னும் பெரிய தொகுப்பாய்வு கிட்டத்தட்ட 10 மடங்கு என்றது. நீரிழிவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவ்வளவு உறுதியாக முன்னறிவிக்கும் அடையாளம் வேறு அதிகம் கிடையாது. அதனால்தான் பிரசவமான சில வாரங்களில் ஒரு பரிசோதனை, பிறகு வாழ்நாள் முழுக்க ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

அவர் வந்தபோது

அவர் வந்தது சர்க்கரைக்காக அல்ல. சில மாதங்களாகக் களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, வேலையில் கவனம் நிற்காதது. வேறொரு இடத்தில் ரத்தப் பரிசோதனை செய்து அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.4 சதவீதம். பார்டரில் இருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதே தாளில் இரண்டு வரி மேலே ஹீமோகுளோபின் 10.1 என்று இருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

எடை 74 கிலோ, உயரம் 160 சென்டிமீட்டர், ரத்த அழுத்தம் 128/82. மருத்துவரைப் பார்க்கும் முன் செவிலியர் விவரம் எழுதிக்கொண்டிருந்தபோது, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வயித்துல குழந்தை இருந்தப்போ சர்க்கரை ஏதாவது இருந்துச்சாம்மா?"

"ரெண்டாவது பிள்ளைக்கு இருந்துச்சு சிஸ்டர். இன்சுலின்கூடப் போட்டாங்க. பிரசவத்தோட சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க."

நிகழ்வின் போக்கையே மாற்றியது இந்தக் கேள்விதான். அது கேட்கப்படாமல் போயிருந்தால், 'களைப்பு, லேசான ரத்தசோகை, பார்டர் சர்க்கரை' என்று எழுதி, இரும்புச்சத்து மாத்திரையும் பொதுவான அறிவுரையும் கொடுத்து அனுப்பியிருப்போம். அப்படி அனுப்புவது தவறான சிகிச்சை என்று யாரும் சொல்லவும் முடியாது.

மேலும் விசாரித்ததில், ஓராண்டாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருப்பது தெரிந்தது. உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் 8 வந்தது. தெளிவான இரும்புச்சத்துக் குறைபாடு. சர்க்கரையைப் பற்றி அவரிடம் பேசியபோது அவர் சொன்னது இதுதான்: "அம்மாவுக்கும் இருக்கு, எனக்கும் வரத்தான் போகுது. வந்தப்புறம் பார்த்துக்கலாம்." பயமோ மறுப்போ அந்தக் குரலில் இல்லை. முன்பே முடிவாகிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசும் தொனி அது.

அந்த 6.4-ஐ நம்பலாமா

எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்ற அளவு. ஓர் அணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, ஒரே குத்தலில் வேலை முடியும். முதல்நிலை மருத்துவத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் அணுக்களின் வயது வழக்கம்போல் இருக்கிறது என்ற அனுமானத்தின்மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இரும்புச்சத்துக் குறையும்போது புதிய அணுக்கள் வருவது மந்தமாகிறது, வயதான அணுக்களின் பங்கு கூடுகிறது, குளுக்கோஸ் ஒட்டுவதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. சர்க்கரை ஏறாமலே எண் ஏறிவிடலாம். ரத்தம் ஏற்றியவர்களுக்கும், அணுக்கள் விரைவில் அழிகிற நோய் உள்ளவர்களுக்கும் இதற்கு நேர்மாறாக, எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம்.

நீரிழிவு என்று சொல்வதற்கான எல்லை 6.5. இவர் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறார். ஆனால் அதில் எவ்வளவு சர்க்கரையால், எவ்வளவு ரத்தசோகையால் என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. 6.4-ஐ அப்படியே ஏற்று முன் நீரிழிவு என்று பதிவு செய்வது ஒன்று. இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டுச் சில மாதம் கழித்து எச்பிஏ1சியைத் திரும்பப் பார்ப்பது இன்னொன்று. சிவப்பணுக்களைச் சாராத, நேரடியாக ரத்தச் சர்க்கரையை அளக்கும் பரிசோதனையை இப்போதே செய்வது மூன்றாவது.

கர்ப்பகாலச் சர்க்கரை வரலாறு இல்லாதிருந்தால் இரண்டாவது வழியே போதுமாக இருந்திருக்கும். ஆனால் இவருக்கு ஆறு ஆண்டு தாமதம் ஏற்கெனவே ஆகிவிட்டது. இன்னும் சில மாதம் கழித்து வாருங்கள் என்றால், பிரசவத்துக்குப் பின் கொடுத்த சீட்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரக்கூடும். அதனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் தாங்குதிறன் பரிசோதனையை அடுத்த வாரமே வைத்தோம்.

வெறும் வயிற்றில் 106 மில்லிகிராம், இரண்டு மணி நேரம் கழித்து 174.

இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி வெறும் வயிற்றுச் சர்க்கரை 110-ஐத் தொட்டால்தான் அது இயல்பு மீறியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்கு 100 போதும். அதாவது வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால், எந்த வரையறையைப் பின்பற்றும் மருத்துவமனையில் பார்த்தார் என்பதைப் பொறுத்து இவர் 'இயல்பு' என்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். இரண்டு மணி நேர அளவில் சந்தேகத்துக்கு இடமில்லை. 140 முதல் 199 வரை இருந்தால் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு, இவருடையது 174. நீரிழிவு இல்லை, ஆனால் பெரிய தடுப்பு ஆய்வுகள் யாரைச் சேர்த்துக்கொண்டனவோ அந்த வரிசையில் இவர் நிற்கிறார்.

எடுத்த முடிவும் காரணமும்

இரும்புச்சத்து மாத்திரை உடனே தொடங்கினோம். ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். அதில் யோசிக்க அதிகம் இல்லை. யோசிக்க வேண்டியிருந்தது, வாழ்க்கைமுறை மாற்றமா, சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையா, இரண்டுமா என்பதில்தான்.

2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் கலந்துகொண்டார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு என்ற இலக்கோடு நடந்த வாழ்க்கைமுறைப் பிரிவில் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் பிரிவில் 31 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் விடை சுலபம். ஆனால் அதே ஆய்வில் கர்ப்பகாலச் சர்க்கரை வரலாறு உள்ள பெண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, மெட்ஃபார்மினும் வாழ்க்கைமுறையும் ஏறக்குறைய சமமாக, இரண்டுமே பாதியளவுக்கு நீரிழிவைக் குறைத்திருந்தன. பிள்ளை பெற்றும் கர்ப்பகாலச் சர்க்கரை வராத பெண்களிடம் மெட்ஃபார்மினின் பலன் 14 சதவீதம்தான். ஆகவே எங்கள் நோயாளிக்கு மெட்ஃபார்மின் ஓர் இரண்டாந்தர மாற்று என்று சொல்லி ஒதுக்குவது நியாயமாக இருக்காது. அதை அவரிடம் அப்படியே சொன்னோம்.

எதிர்ப்பக்கத்திலும் காரணங்கள் இருந்தன. மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு அது கவலைதான். மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை இரண்டுமே வயிற்றைப் புரட்டக்கூடியவை. ஒரே நேரத்தில் தொடங்கினால் எதனால் தொந்தரவு என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்திவிட வாய்ப்புண்டு. அவருடைய விருப்பமும் மாத்திரைகளைக் கூட்டாமல் முயல்வதாகவே இருந்தது. வாழ்க்கைமுறை மாற்றத்தோடு தொடங்குவது, ஆறு மாதத்தில் எடை அசையாவிட்டால் மெட்ஃபார்மினைத் திரும்பப் பேசுவது என்று முடிவானது. எந்த நிலை வந்தால் எதைச் செய்வோம் என்பதை அன்றே கோப்பில் எழுதிவைத்தோம். வேறு மருத்துவர் பார்க்க நேர்ந்தாலும் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இலக்கை எடைக்கு மட்டும் கட்டவில்லை. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வாழ்க்கைமுறைப் பிரிவினரின் எடை பெரிதாகக் குறையாமலே நீரிழிவு அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. எடைக் கருவி அசையாத வாரத்தில் எல்லாம் வீண் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை ஆரம்பத்திலேயே விளக்கினோம்.

இன்னொன்றும் பேச வேண்டியிருந்தது. மீண்டும் கர்ப்பமடையும் எண்ணம் இப்போது இல்லை என்றார். மனம் மாறினால் கர்ப்பத்துக்கு முன்பே வந்து பார்க்க வேண்டும், கர்ப்பமானால் தொடக்கத்திலேயே சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதையும் பதிவு செய்தோம்.

முதல் நான்கு மாதம்

தொடக்கம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. காலை நடை என்ற திட்டம் இரவு ஷிப்ட் வந்ததும் உடைந்தது. இரண்டாவது சந்திப்புக்கு அவர் வரவில்லை. பிரசவத்துக்குப் பின் நடந்ததற்கும் இதற்கும் இருந்த வேறுபாடு, இம்முறை அவர் வராததைக் கவனிப்பது ஒருவரின் பொறுப்பாக இருந்தது. செவிலியர் அன்று மாலையே போன் செய்தார். ஏன் வரவில்லை என்று கேட்காமல், எந்த நேரம் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்று கேட்டார். அப்புறம் பெரும்பாலான பேச்சு போனிலேயே நடந்தது.

நடையைச் சாப்பாட்டோடு இணைத்தோம். எந்த ஷிப்டாக இருந்தாலும் சாப்பிடுவது நடக்கும். சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிட நடை. இவருடைய சிக்கல் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை என்பதால் இது பொருத்தமும்கூட. இரவு வேலையில் விழித்திருக்கக் குடித்த இனிப்புப் பானங்களை நிறுத்தினார். தட்டில் மாவுச்சத்தின் அளவைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார். அவருடைய கணவரை ஒருமுறை அழைத்துப் பேசினோம். இரவு ஷிப்ட் முடிந்து மனைவி தூங்கும் நேரத்தில் பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கணவர் ஒப்புக்கொண்டார். எங்கள் அறிவுரைகள் எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடு அதிகம் உதவியது என்பது என் கணிப்பு.

நான்காம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 12.6, எடை 72.4. எச்பிஏ1சி 5.9.

இந்தக் குறைவை நம்பலாமா

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 6.4-இலிருந்து 5.9. தடுப்புத் திட்டத்தின் அறிக்கையில் வெற்றி என்று எழுதத் தோதான எண். குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி; அவருக்கும்தான். ஆனால் முதல் எண்ணை நாம் ஏன் நம்பவில்லையோ, அதே காரணத்தால் இந்தக் குறைவையும் நம்ப முடியாது. இரும்புச்சத்து கிடைத்ததும் புதிய சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இளம் அணுக்களில் குளுக்கோஸ் ஒட்ட நேரம் இருந்திருக்காது. சர்க்கரையில் எந்த மாற்றமும் இல்லாமலே எச்பிஏ1சி இறங்கும். உண்மை நிலையைவிடக் கீழேயும் சில காலம் நிற்கலாம்.

இதை அவரிடம் சொல்வதா என்று குழுவில் விவாதம் நடந்தது. ஊக்கம் கெட்டுவிடும், அப்படியே விட்டுவிடலாம் என்ற கருத்தும் வந்தது. அந்தக் கவலை பொய்யானதல்ல. ஆனாலும் சொல்வது என்றே முடிவு செய்தோம். ஒருமுறை 'சரியாகிவிட்டது' என்று கேட்டு ஆறு ஆண்டை இழந்தவர் அவர். அதே வாக்கியத்தை ஆதாரமில்லாமல் இன்னொரு முறை அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் நிலைப்பாடு. "இந்த எண் குறைந்ததில் பெரும்பங்கு ரத்தசோகை சரியானதால் இருக்கலாம். உங்கள் எடை குறைந்தது மட்டும் உங்கள் உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஓராண்டு முடிவில் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் திரும்பச் செய்வோம், அதைத்தான் கணக்கில் எடுப்போம்" என்று சொன்னோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நிறுத்தக் கூடாதுங்கிறீங்க" என்றார். அவ்வளவுதான்.

ஓராண்டும் அதன் பிறகும்

ஓராண்டில் எடை 70.1 கிலோ, அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். இலக்கான 7 சதவீதத்தை எட்டவில்லை. ஆனால் அமெரிக்க ஆய்வின் வாழ்க்கைமுறைப் பிரிவில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அபாயம் சுமார் 16 சதவீதம் குறைந்தது என்று பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள்; எனவே குறைந்த நான்கு கிலோ சிறிய விஷயமல்ல. தாங்குதிறன் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரத்தில் 146. முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் எல்லைக்குள் வரவில்லை. மெட்ஃபார்மினைத் திரும்பப் பேசினோம். இப்படியே தொடர்கிறேன் என்றார். அதுவும் நியாயமான தேர்வு.

இரண்டாம் ஆண்டில் எடை ஒரு கிலோ ஏறி 71 ஆனது. இரண்டு மணி நேர அளவு 131; முதன்முறையாக இயல்பு. எச்பிஏ1சி 5.6, இம்முறை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சரியாக இருந்தபோது எடுத்தது. முன் நீரிழிவிலிருந்து ஒருமுறையேனும் இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் அபாயம் 56 சதவீதம் குறைவாக இருந்ததை அமெரிக்க ஆய்வின் தொடர்ச்சி 2012-இல் காட்டியது. அதைச் சொன்னோம். ஆண்டுதோறும் பரிசோதனை நிற்காது என்பதையும் சொன்னோம்.

இதை வைத்து அதிகம் நிறுவிவிடக் கூடாது. தாங்குதிறன் பரிசோதனையின் முடிவு ஒரே ஆளுக்கே ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் மாறும். உயர்ந்திருந்த எண், எதுவும் செய்யாமலே அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்குவதும் வழக்கம்தான். எடை குறைந்ததும் மூன்று பரிசோதனைகளும் ஒரே திசையில் போனதும் நம்பிக்கை தருகின்றன. அதற்கு மேல் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது மாறியிருப்பவை

பிள்ளை பெற்ற எந்தப் பெண் எதற்காக வந்தாலும், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்ற கேள்வி இப்போது படிவத்திலேயே இருக்கிறது. செவிலியரின் சமயோசிதத்தை நம்பி இதை விட்டுவைக்க முடியாது. எச்பிஏ1சி கேட்கும்போது ஹீமோகுளோபினும் சேர்ந்தே கேட்கப்படுகிறது. ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

பிரசவத்துக்குப் பின்னான பரிசோதனையைக் குழந்தையின் தடுப்பூசி நாளோடு சேர்த்துவிட்டோம். தாய் எப்படியும் வருகிற நாள் அது. அந்தப் பரிசோதனைக்கு எச்பிஏ1சி உதவாது, பிரசவ ரத்த இழப்பால் எண் குழம்பும். குளுக்கோஸ்தான் அளக்க வேண்டும். இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குக் குழந்தையோடு உட்கார ஓர் அறை ஒதுக்கினோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன் நீரிழிவு என்று பதிவாகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேட்டு வரியும், வராவிட்டால் கூப்பிட வேண்டியவரின் பெயரும் உண்டு. பரிசோதனையைப் பரவலாக்குவதே தடுப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தில் அதிக அபாயமுள்ள 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, பரிசோதனைக்கு அழைத்ததால் மட்டும் பத்தாண்டுகளில் இறப்பு குறையவில்லை என்று 2012-இல் காட்டியது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல் 33 மருத்துவமனைகளில் தொடங்கிய ஆய்வு ஆறு ஆண்டு விடாமல் மக்களோடு இருந்தது. முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது நீரிழிவு சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது, இதய, ரத்தநாள நோய் இறப்புகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும், எங்கள் சிறிய குழுவின் நேரத்தைப் பரிசோதனையில் செலவிடுவதா, அதற்குப் பின்னான ஓராண்டில் செலவிடுவதா என்ற கேள்விக்கு நான் பின்னதையே சொல்வேன்.

தீராத ஒன்று இருக்கிறது. பிரசவ மருத்துவமனைகளிலிருந்து கர்ப்பகாலச் சர்க்கரைத் தகவல் இன்னும் எங்களுக்குத் தானாக வருவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் செவிலியர் போன் செய்து பட்டியல் கேட்டு வாங்குகிறார். அவர் விடுப்பில் போனால் அந்த மாதப் பட்டியல் வராது. தாயின் டிஸ்சார்ஜ் சுருக்கம் முதல்நிலை மருத்துவமனைக்கு நேரடியாக வரும்படி செய்யக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.